அகன்ற கொள்முதல் அட்டவணையை நீளமாக்குவதும், வேண்டியபோது மீண்டும் விரிப்பதும்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம் இயங்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மாங்காய்க் கொள்முதல் விவரம் எக்செல்லில் ஆண்டுக்கு ஒரு தாளாக 2022, 2023, 2024 என மூன்று தாள்களில் இருக்கிறது. இடப்பக்கம் 30 ஊர்களின் பெயர்கள். மேலே முதல் வரியில் ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்ற நான்கு மாதங்கள், ஒவ்வொன்றும் நான்கு கட்டங்களை இணைத்து எழுதப்பட்டவை. அதற்குக் கீழ் வரியில் ஒவ்வொரு மாதத்திற்கும் பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா என்ற நான்கு ரகங்கள். நடுவிலே கிலோ எடை. 2024ஆம் ஆண்டுத் தாளில் மட்டும் எடைக்குப் பக்கத்தில் கிலோ விலையும் சேர்ந்துவிட்டதால் 16 நெடுவரிசைகள் 32 ஆகிவிட்டன. ரகவாரியாக மூன்று ஆண்டுகளை ஒப்பிட நிர்வாகம் கேட்கிறது. மாங்கூழ் தொழிற்சாலைக்கோ ஊர் ஒருபுறம், ரகம் ஒருபுறம் என்ற விரிந்த வடிவில்தான் தர வேண்டும். வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வழி உண்டா, அதற்கு மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதும் சிறு நிரல்) எழுதக் கற்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

வழி உண்டு, மேக்ரோ தேவையில்லை. எக்செல் 2016 முதல் உள்ளேயே சேர்ந்து வருகிற பவர் குவெரி என்ற பகுதியில் 'அன்பிவட்' என்ற கட்டளை அகன்ற அட்டவணையை நீளமாக்கும். 'பிவட்' என்ற கட்டளை நீளமானதை மீண்டும் விரிக்கும். 2010, 2013 பதிப்புகளுக்கு இதே வசதி இலவசத் துணைநிரலாக வெளிவந்தது. கட்டளையைச் சொடுக்குவது நொடி வேலைதான். அதற்கு முன்பு, நீளமாக்கிய அட்டவணையில் ஒரு கிடைவரிசை எதைச் சொல்லப்போகிறது என்று முடிவுசெய்வதுதான் உண்மையான வேலை. அந்த முடிவில் தெளிவு இல்லாதவர்களுக்குக் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கணக்குக் குழம்பும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் தாளில் 'ஜூன்' என்பதும் 'செந்தூரா' என்பதும் தலைப்பாக மேலே உட்கார்ந்திருந்தாலும், அவை உண்மையில் தலைப்புகள் அல்ல. எடையைப் போலவே அவையும் தகவல்கள்தாம். 'மாதம்' என்பதுதான் தலைப்பு, ஜூன் அதன் ஒரு மதிப்பு. 'ரகம்' என்பதுதான் தலைப்பு, செந்தூரா அதன் ஒரு மதிப்பு. மதிப்பைத் தலைப்பிடத்தில் வைத்துவிட்டால் அதை வடிகட்ட முடியாது, வரிசைப்படுத்த முடியாது, அதைக் கொண்டு கூட்டவும் முடியாது. செந்தூராவின் மொத்தம் வேண்டுமென்றால் இரண்டாவது, ஆறாவது என்று எடை நெடுவரிசைகளைத் தேடித்தேடிக் கூட்ட வேண்டியதுதான். 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்தின் அடிப்படையை வகுத்த காலம் முதல் பேசப்பட்டுவரும் இந்த ஒழுங்கை, 2014இல் புள்ளியியலாளர் ஹாட்லி விக்கம் ஒரு கட்டுரையில் புள்ளியியலாளர்களுக்காக எளிமையாகச் சொன்னார்: ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நெடுவரிசை, ஒவ்வொரு நோக்கீட்டுக்கும் (அதாவது பதிவான ஒவ்வொரு நிகழ்வுக்கும்) ஒரு கிடைவரிசை, ஒவ்வொரு வகை நோக்கீட்டுக்கும் ஓர் அட்டவணை. எக்செல்லில் 1993இல் ஐந்தாம் பதிப்போடு வந்த, தரவைக் கூட்டிச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிளும் இந்த வடிவத்தை எதிர்பார்த்தே கட்டப்பட்டது. உங்கள் தாளை அப்படியே அதற்குள் கொடுத்தால் 16 தனித்தனிப் புலங்கள் வந்து நிற்பதற்கும் காரணம் இதுதான்.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து, ஒரு கிடைவரிசையை ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். 'இந்த ஆண்டில், இந்த மாதத்தில், இந்த ஊரிலிருந்து, இந்த ரகத்தில், இத்தனை கிலோ வந்தது. கிலோவுக்கு இன்ன விலை கொடுக்கப்பட்டது.' இந்த வாக்கியத்தில் மாறக்கூடிய சொற்கள் எத்தனையோ அத்தனை நெடுவரிசைகள்: ஆண்டு, மாதம், ஊர், ரகம், எடை, விலை. இவற்றில் முதல் நான்கும் சேர்ந்துதான் ஒரு கிடைவரிசையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. அந்த நான்கும் ஒன்றாக இருக்கும் இரண்டு கிடைவரிசைகள் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பிவட் செய்யும்போது வருகிற பெரும்பாலான பிழைகள் இதை மீறுவதால் வருபவை. கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு விவசாயிக்குக் கொடுக்கும் எடைச்சீட்டு ஏற்கெனவே இந்த நீள வடிவத்தில்தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்: தேதி, பெயர், ஊர், ரகம், எடை, விலை என்று ஒரு சீட்டுக்கு ஒரு நிகழ்வு. யாரோ அதைக் கூட்டி அகலமாக்கி வைத்ததைத்தான் இப்போது திரும்ப நீளமாக்கப் போகிறோம். அடுத்த பருவத்திலாவது சீட்டு விவரத்தையே நேராக ஒரு நீள அட்டவணையில் பதியச் சொல்லுங்கள்; மாத மொத்தம் தானாகக் கிடைக்கும், நாள்வாரி விவரமும் கையைவிட்டுப் போகாது.

இனி, இருக்கிற தாள்களைச் சரிசெய்யும் வேலை. கடைசி நெடுவரிசையிலும் கடைசிக் கிடைவரிசையிலும் உள்ள 'மொத்தம்' அப்படியே உள்ளே போனால், ஒவ்வொரு கிலோவும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எண்ணப்படும்; கண்ணுக்குத் தெரியாமல் கணக்கை வீங்கவைப்பது இதுதான். மொத்தங்களை நீக்கும் முன் அவற்றை வேறு தாளில் குறித்து வையுங்கள், கடைசியில் சரிபார்க்கத் தேவைப்படும். மூன்று ஆண்டுகளிலும் அலகு ஒன்றுதானா என்றும் பாருங்கள். ஓர் ஆண்டு கிலோவிலும் மற்றோர் ஆண்டு டன்னிலும் எழுதப்பட்டிருந்தால், மூன்றையும் சேர்த்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

வெற்றுக் கட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூலையில் அல்போன்சா வரத்து முடிந்துவிட்டதால் ஒரு கட்டம் காலியாக இருக்கலாம். அந்த ஊரின் கணக்கு வந்து சேராததாலும் காலியாக இருக்கலாம். முதலாவது பூஜ்யம், இரண்டாவது தெரியாதது; தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பவர் குவெரியின் அன்பிவட், 'நல்' எனப்படும் வெற்றுக் கட்டங்களை எச்சரிக்கை எதுவும் தராமல் விட்டுவிடும். அந்தக் கட்டத்திற்குக் கிடைவரிசையே உருவாகாது. மொத்தம் கூட்டுவதற்கு இதனால் கெடுதல் இல்லை, இடமும் மிச்சமாகிறது. ஆனால் 'ஓர் ஊருக்குச் சராசரி எவ்வளவு' என்று கேட்டால், வந்த ஊர்களை மட்டும் வைத்து வகுத்துவிடும். எனவே வரத்து இல்லை என்று உறுதியாகத் தெரிந்த இடங்களில் மூலத் தாளிலேயே 0 என்று எழுதுங்கள். தெரியாத இடங்களை வெறுமையாகவே விடுங்கள். தெரியாதவையும் நீள அட்டவணையில் இடம்பெற வேண்டும் என்றால், அன்பிவட்டுக்கு முன் 'ரீப்ளேஸ் வேல்யூஸ்' கொண்டு வெற்றிடத்தை உங்கள் தரவில் வரவே முடியாத ஓர் அடையாளமாக மாற்றி, அன்பிவட்டுக்குப் பின் அந்த அடையாளத்தை மீண்டும் நல் ஆக்கிவிடலாம். கோடு, 'இல்லை', 'என்.ஏ' என்றெல்லாம் கட்டத்துக்குள் எழுதப்பட்டிருந்தால் அவற்றையும் இதே படியில் தீர்த்துவிடுங்கள். இல்லையென்றால் எண்ணாக மாற்றும்போது ஒவ்வொன்றும் பிழையாக நிற்கும்.

2022ஆம் ஆண்டுத் தாளை எடுத்துக்கொள்வோம். இரண்டு வரித் தலைப்பும் இணைத்த கட்டங்களும் இருப்பதால், அதை நேரடியாக 'டேபிள்' ஆக மாற்ற வேண்டாம். மாற்றினால் எக்செல் இணைப்பைப் பிரித்து, காலியான தலைப்புகளுக்குத் தானாகப் பெயர் வைத்துவிடும். அதற்குப் பதிலாக, தலைப்புகளோடு முழுப் பரப்பையும் தேர்ந்தெடுத்து, இடப்பக்க மேல்மூலையில் உள்ள பெயர்ப்பெட்டியில் ஒரு பெயர் கொடுங்கள். அந்தப் பெயருள்ள பரப்பு தேர்வில் இருக்கும்போதே 'டேட்டா' பட்டையில் 'ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்' என்பதைச் சொடுக்கினால் பவர் குவெரி திறக்கும். வலப்பக்கத்தில் அது தானாகச் சேர்த்திருக்கும் 'ப்ரொமோட்டட் ஹெடர்ஸ்', 'சேஞ்ச்டு டைப்' என்ற இரண்டு படிகளையும் நீக்கிவிடுங்கள். இரண்டாவது படி நெடுவரிசைப் பெயர்களை எல்லாம் எழுத்துக்கு எழுத்து உள்ளே பதிந்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு ஒரு ரகத்தின் பெயர் சற்று மாறினாலும் அந்த நெடுவரிசையைக் காணவில்லை என்று மொத்த வேலையும் நின்றுவிடும்.

பிறகு 'டிரான்ஸ்ஃபார்ம்' பட்டையில் உள்ள 'டிரான்ஸ்போஸ்' கட்டளையால் அட்டவணையைப் புரட்டுங்கள். இப்போது மாதம் முதல் நெடுவரிசையிலும், ரகம் இரண்டாவதிலும், ஊர்கள் பக்கவாட்டிலும் வந்திருக்கும். இணைத்த கட்டங்களில் பெயர் முதல் கட்டத்தில் மட்டுமே இருப்பதால், ஏப்ரலுக்குக் கீழ் மூன்று இடங்கள் வெறுமையாக இருக்கும். 'மொத்தம்' என்ற கிடைவரிசையை முதலில் வடிகட்டி நீக்கிவிட்டு, முதல் நெடுவரிசையைத் தேர்ந்து 'ஃபில் டவுன்' கொடுத்தால் ஒவ்வொரு மாதமும் தன் நான்கு ரகங்களுக்கும் நிரம்பிவிடும். அடுத்து முதல் இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்து, 'மெர்ஜ் காலம்ஸ்' (இந்தக் கட்டளைப் பெயர்களில் காலம் என்பது நெடுவரிசை) வழியாக, பெயர்களில் எங்கும் வராத ஒரு பிரிகுறியை, செங்குத்துக் கோடு போன்ற ஒன்றை, இடையில் வைத்து ஒன்றாக்குங்கள். மீண்டும் ஒருமுறை டிரான்ஸ்போஸ் செய்து 'யூஸ் ஃபர்ஸ்ட் ரோ ஆஸ் ஹெடர்ஸ்' கொடுத்தால், மாதமும் ரகமும் ஒட்டிய ஒற்றை வரித் தலைப்புக் கிடைக்கும். இங்கும் 'சேஞ்ச்டு டைப்' தானாகச் சேர்ந்தால் நீக்கிவிடுங்கள். ஊர் என்ற தலைப்பின் வாலில் பிரிகுறி ஒட்டிக்கொண்டிருந்தால் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். வரிசை எண் நெடுவரிசை இருந்தால் நீக்கிவிடுங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே இருக்கும் கடைசி 'மொத்தம்' வரியையும் வடிகட்டிவிடுங்கள்.

இப்போதுதான் அன்பிவட். ஊர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்து 'அன்பிவட் அதர் காலம்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். ஊரைத் தவிர்த்த எல்லா நெடுவரிசைகளும் 'அட்ரிபியூட்', 'வேல்யூ' என்ற இரண்டாக மடங்கிவிடும். அங்கேயே இருக்கும் 'அன்பிவட் ஒன்லி செலக்டட் காலம்ஸ்' என்ற கட்டளையை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது இன்று நீங்கள் தேர்ந்த நெடுவரிசைகளின் பெயர்களை நிலையாக வைத்துக்கொள்ளும், நாளை இமாம்பசந்த் என்று புதிய ரகம் ஒன்று சேர்ந்தால் அதைக் கண்டுகொள்ளாது. 'மற்றவை எல்லாம்' என்று சொல்லும் கட்டளைக்கோ புதிய நெடுவரிசையும் 'மற்றவை'யில் தானாக அடங்கிவிடும். இனி 'ஸ்பிளிட் காலம்' மூலம் அட்ரிபியூட்டை அந்தப் பிரிகுறியில் வெட்டி, வந்த இரண்டுக்கும் மாதம், ரகம் என்றும் வேல்யூவுக்கு எடை என்றும் பெயரிட்டு, எடையின் வகையை எண்ணாக மாற்றினால் முடிந்தது. 30 ஊர்களும் 16 நெடுவரிசைகளும் முழுமையாக நிரம்பியிருந்தால் 480 கிடைவரிசைகள் வர வேண்டும். வெற்றிடங்கள் எத்தனையோ அத்தனை குறைந்திருக்க வேண்டும்.

2024ஆம் ஆண்டுத் தாளில்தான் இந்த உத்தியின் அழகு தெரிகிறது. அங்கே மாதம், ரகம், அதற்குக் கீழ் எடை அல்லது விலை என்று மூன்று அடுக்குத் தலைப்பு. மேற்சொன்ன முறையிலேயே மேல் இரண்டு அடுக்குகளுக்கும் ஃபில் டவுன் கொடுத்து, மூன்றையும் ஒட்டி, அன்பிவட் செய்து, மூன்றாக வெட்டினால், எடையும் விலையும் ஒரே 'வேல்யூ' நெடுவரிசையில் மாறிமாறி வந்து நிற்கும். இது தேவைக்கு மேல் நீண்டுவிட்ட நிலை. கிலோவையும் ரூபாயையும் ஒரே நெடுவரிசையில் வைத்துக் கூட்டவே கூடாது. நம் வாக்கியத்திலும் அவை இரண்டும் ஒரே கிடைவரிசையின் இரண்டு தனி மாறிகள். ஆகவே ஒரு படி மட்டும் திரும்ப விரிக்க வேண்டும். எடை, விலை என்ற பெயர்கள் உள்ள நெடுவரிசையைத் தேர்ந்து 'பிவட் காலம்' கொடுத்து, மதிப்பு நெடுவரிசையாக வேல்யூவைக் காட்டி, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து 'டோன்ட் அக்ரிகேட்' (கூட்டாமல் அப்படியே வை) என்பதைத் தேர்ந்தெடுங்கள். எடையும் விலையும் பக்கத்துப்பக்கத்து நெடுவரிசைகளாகப் பிரிந்து நிற்கும். முழுக்க மடித்து, பிறகு வேண்டிய ஒன்றை மட்டும் விரிக்கும் இந்த இரண்டு படிகளுக்குள் எவ்வளவு சிக்கலான தலைப்பும் அடங்கிவிடும் என்பதால், இதை ஒருமுறை கையால் செய்து பழகிக்கொள்வது நல்லது.

விலை வந்துவிட்டதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிவட் டேபிளில் விலையைச் சராசரி எடுக்காதீர்கள். ஓர் ஊரில் 1,000 கிலோ பெங்களூரா 20 ரூபாய்க்கும், இன்னோர் ஊரில் 100 கிலோ 40 ரூபாய்க்கும் வாங்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால், சராசரி விலை 30 ரூபாய் என்று பிவட் டேபிள் காட்டும். நிறுவனம் உண்மையில் 1,100 கிலோவுக்கு 24,000 ரூபாய் கொடுத்திருக்கிறது; அதாவது கிலோவுக்கு 21 ரூபாய் 82 காசு. பவர் குவெரியிலேயே எடையை விலையால் பெருக்கித் 'தொகை' என்ற நெடுவரிசையைச் சேர்த்துவிடுங்கள். பிறகு பிவட் டேபிளில் 'கால்குலேட்டட் ஃபீல்டு' ஒன்றை உருவாக்கித் தொகையை எடையால் வகுக்கச் சொல்லுங்கள். அது இரண்டையும் தனித்தனியே கூட்டிய பிறகே வகுப்பதால் சரியான விடை வரும். 2022, 2023 ஆண்டுகளில் விலையே இல்லாததால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் தொகை இல்லாத எடையும் கீழே போய் விலையைக் குறைத்துக் காட்டும். மூலத் தாளில் எழுதியிருக்கும் விலை அந்த மாதத்தின் சராசரியா, கடைசி நாள் விலையா என்பதையும் எழுதியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவதாக இருந்தால் இந்தத் தொகை நெடுவரிசையை நம்ப முடியாது.

மூன்று ஆண்டுகளின் குவெரிகளிலும் (ஒரு தாளுக்குச் செய்த படிகளின் தொகுப்பே ஒரு குவெரி) ஆண்டு என்ற நெடுவரிசையைச் சேர்த்த பிறகு, 'அப்பெண்ட் குவெரிஸ்' மூலம் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் அடுக்கும்போது ஒரே நெடுவரிசையில் போய்ச் சேரும். 'எடை' ஒன்றிலும் 'எடை கிலோ' மற்றொன்றிலும் இருந்தால் இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிந்துவிடும். 2022, 2023 ஆண்டுகளுக்கு விலை இருக்காது. அங்கே நல் வருவது சரியே. ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து, மாதத்தின் முதல் நாளைக் குறிக்கும் ஒரு தேதி நெடுவரிசையை உருவாக்கிக்கொள்ளும்படி வற்புறுத்துகிறேன். மாதப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கும்போது வரிசைப்படுத்தினால் எழுத்து வரிசையில்தான் வரும், காலவரிசை கலைந்துவிடும். ஆங்கிலச் சுருக்கப் பெயர்களுக்கு எக்செல்லுக்குள் இருக்கும் தயார்ப் பட்டியல் தமிழ்ப் பெயர்களுக்கு உதவாது. தேதி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எழுத்தாக உள்ள தேதிகளை மாற்றும்போது 'யூசிங் லொக்கேல்' என்பதில் ஆங்கிலம், இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கணினியின் அமைப்பைப் பொறுத்து 05-06 என்பது ஜூன் 5 என்பதற்குப் பதிலாக மே 6 ஆகிவிடக்கூடும்.

தமிழில் பதியப்பட்ட தரவுக்கென்று தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. போச்சம்பள்ளி என்ற ஊர்ப் பெயரின் முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறியை, எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கணினிக்கோ அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். இருவேறு தட்டச்சு முறைகளில் இருவர் பதிந்திருந்தால் இது நேரக்கூடும். சொல்லுக்குப் பின் விடப்பட்ட இடைவெளியை 'டிரிம்' நீக்கிவிடும். இந்தக் குறியீட்டு வேறுபாட்டை அது நீக்காது. பழைய கோப்புகள் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால், எக்செல்லில் தமிழாகத் தெரிந்தாலும் பவர் குவெரியின் முன்காட்சியில் பொருளற்ற எழுத்துகளாகத் தெரியும்; அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். பெயர்ச் சிக்கல்கள் அனைத்துக்கும் நான் நம்புகிற தீர்வு ஒன்றுதான்: எழுதப்பட்ட பெயர், சரியான பெயர் என்று இரண்டு நெடுவரிசைகள் கொண்ட ஒரு சிறு பட்டியலைத் தனித்தாளில் வைத்து, 'மெர்ஜ் குவெரிஸ்' மூலம் அதனோடு இணைத்துச் சரியான பெயரை எடுத்துக்கொள்வது. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் நல் ஆக நின்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வட்டாரம், மாவட்டம் ஆகியவற்றையும் அந்தப் பட்டியலிலேயே வைத்துவிட்டால் 480 வரிகளில் அவற்றைத் திரும்பத்திரும்ப எழுத வேண்டியதில்லை.

மாவட்டம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. மாவட்டவாரிப் பரப்பளவு, விளைச்சல் போன்ற பழைய புள்ளிவிவரத்தையும் உங்கள் தரவோடு ஒப்பிட நினைத்தால், அதில் 2003க்கான தருமபுரியும் 2005க்கான தருமபுரியும் ஒரே நிலப்பரப்பு அல்ல. அன்பிவட் செய்தால் இரண்டும் ஒரே பெயரில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். வரைகோட்டுப் படத்தில் ஒரே ஆண்டில் பாதி விளைச்சல் காணாமல் போனதுபோல் தெரியும். பழைய தொடருக்கு ஊராட்சி ஒன்றிய அளவில் விவரம் கிடைத்தால் அதைக் கொண்டு கூட்டுங்கள். கிடைக்காவிட்டால் பிரிவுக்குப் பிந்தைய இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து ஒரே அலகாகக் காட்டுங்கள்.

பவர் குவெரி இல்லாத இடங்களில் என்ன செய்வது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கூகுள் ஷீட்ஸில், ஊர்ப் பெயர், பிரிகுறி, தலைப்பு, பிரிகுறி, மதிப்பு ஆகியவற்றை ஒட்டி 'ஃபிளாட்டன்' என்ற சார்பால் ஒரே நெடுவரிசையாக்கி, 'ஸ்பிளிட்' சார்பால் வெட்டி, இரண்டையும் 'அரே ஃபார்முலா'வுக்குள் வைத்தால் ஒரே வாய்ப்பாட்டில் வேலை முடியும். மதிப்பு காலியாக உள்ள வரிகளை அதன் பிறகு வடிகட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365இல் உள்ள 'டூகால்' சார்பும் இதைப் போன்றதே. லிப்ரே ஆபீஸ் உட்பட எந்த விரிதாளிலும், எந்தப் பழைய பதிப்பிலும் செய்யக்கூடியது, கிடைவரிசை எண்ணும் நெடுவரிசை எண்ணும் கொடுத்தால் அந்தக் கட்டத்தின் மதிப்பைத் தரும் 'இன்டெக்ஸ்' சார்பின் வழி: பூஜ்யத்திலிருந்து எண்ணிடப்பட்ட வரிசை எண்ணை 16ஆல் வகுத்து வரும் ஈவோடு 1 கூட்டினால் எத்தனையாவது ஊர் என்பதும், மீதியோடு 1 கூட்டினால் எத்தனையாவது நெடுவரிசை என்பதும் கிடைக்கும். 37 என்ற எண்ணுக்கு ஈவு 2, மீதி 5. ஆகவே மூன்றாவது ஊரின் ஆறாவது நெடுவரிசை, அதாவது மே மாதச் செந்தூரா. ஆயினும் இந்த வாய்ப்பாட்டு வழிகளில் தலைப்பைச் சீராக்கும் வேலை அனைத்தும் கையால்தான் நடக்க வேண்டும் என்பதால், எக்செல் இருக்கும்போது பவர் குவெரியை விட்டு விலக வேண்டாம்.

மாங்கூழ் தொழிற்சாலைக்குத் தர வேண்டிய விரிந்த அட்டவணைக்கு வருகிறேன். எண்களைக் கூட்டிக் காட்டும் அறிக்கை இது என்பதால், பவர் குவெரியின் பிவட் காலம் இதற்குத் தேவையில்லை. நீள அட்டவணையின் மேல் ஒரு பிவட் டேபிள் போட்டு, ஊரைக் கிடைவரிசையிலும் ரகத்தை நெடுவரிசையிலும் எடையை மதிப்பிலும் வைத்து, 'டேபுலர் ஃபார்ம்' அமைப்பைக் கொடுத்தால் அச்சிடத் தயாராகிவிடும். நாளை அவர்கள் மாதவாரியாகக் கேட்டால் ரகத்தை எடுத்துவிட்டு மாதத்தை வைப்பதோடு வேலை முடிகிறது. பிவட் காலம் தேவைப்படுவது, விரிக்க வேண்டிய மதிப்பு கூட்டக் கூடாததாகவோ எழுத்தாகவோ இருக்கும்போது. மண் பரிசோதனை முடிவுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மண்வள அட்டையில் அமில காரத் தன்மை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் என 12 அளவீடுகள் உண்டு. ஆய்வகத்திலிருந்து அவை அளவீட்டுக்கு ஒரு வரியாக வந்தால், உறுப்பினருக்கு ஒரு வரியாக 12 நெடுவரிசைகளில் விரித்துப் பார்ப்பதுதான் பயன்படும். இங்கே டோன்ட் அக்ரிகேட் கொடுக்கும்போது சில கட்டங்களில் பிழை வந்து, எண்ணிக்கை அதிகமாக இருக்கிறது என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் செய்தி தெரியலாம். அதன் பொருள், அதே உறுப்பினருக்கு அதே அளவீடு ஒன்றுக்கு மேல் இருக்கிறது, எதை வைப்பது என்று கருவிக்குத் தெரியவில்லை என்பதே. கூட்டலையோ எண்ணிக்கையையோ தேர்ந்து அந்தப் பிழையை மறைத்துவிடாதீர்கள், 6.8, 7.1 என்ற இரண்டு அளவீடுகள் 13.9 ஆகி நிற்கும். அவருக்கு இரண்டு நிலங்கள் இருக்கலாம், அல்லது இரண்டு பருவங்களில் பரிசோதித்திருக்கலாம். மாதிரி எண்ணையோ தேதியையோ அடையாள நெடுவரிசையாகச் சேர்த்தால் பிழை தானாக விலகும்.

எல்லாம் முடிந்த பின், முன்பே குறித்து வைத்த மொத்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீள அட்டவணையின் ஆண்டு மொத்தம், ஊர் மொத்தம், ரக மொத்தம் மூன்றும் மூலத் தாளோடு கிலோ பிசகாமல் பொருந்த வேண்டும். ஆண்டு மொத்தம் பொருந்தி ரக மொத்தம் பொருந்தாவிட்டால் தலைப்பு ஒட்டியதில் தவறு இருக்கிறது. ஊர் மொத்தம் மட்டும் பொருந்தாவிட்டால் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். ஆண்டு மொத்தம் இருமடங்காக இருந்தால் மொத்தம் வரியோ மொத்தம் நெடுவரிசையோ உள்ளே தங்கிவிட்டது. மூலத் தாளில் யாராவது ஓர் எண்ணைத் திருத்தினால் நீள அட்டவணை தானாக மாறாது. 'ரெஃப்ரெஷ் ஆல்' கொடுத்தால்தான் மாறும். பிவட் டேபிள் அந்த நீள அட்டவணையைச் சார்ந்திருப்பதால் சில கோப்புகளில் ரெஃப்ரெஷ் ஆல் இரண்டு தடவை தேவைப்படலாம். தொழிற்சாலைக்கு அனுப்பும் நாளில் அதைச் செய்துவிட்டு, மொத்தத்தை மறுபடி ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள்.